அருணையடிவாரத்தில் இரண்டு நாள்

மக்கள் வாழ்க்கை எதன்பொருட்டு அமைந்தது என்னும் வினாவை யாம் வகுப்பறையிற் பன்முறை எழுப்பியிருக்கின்றேம். அறத்துப்பால் கற்பிக்கும் ஆசிரியனுக்கு அவ்வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது. எழுப்பியபின் மணியடிக்கும், மாணவர் எழுந்து செல்வர், யாமும் கையிற் படிந்த சுண்ணத்தூளைத் தட்டிவிட்டு ஆசிரியர் அறைக்குச் சென்று தேநீர் பருகுவேம். வினா வகுப்பறையிலேயே கிடக்கும். இவ்வாறு இருபத்தோராண்டு நிகழ்ந்தது. சென்ற ஆவணித் திங்களில் மாணவன் ஒருவன் அதனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டான் என்று கேட்டபோதுதான், அஃது அவ்வாறு தூக்கிச் செல்லத்தக்கதோர் பொருள் என்பது எமக்கு விளங்கிற்று.

அவன் இளங்கலை மூன்றாமாண்டு மாணவன். பெயர் ஈண்டு வேண்டா. தந்தையை இழந்து ஓராண்டு நிரம்பாதவன். பின்வரிசையில் அமர்ந்து, ஒரு நாளும் வாய்திறவாது, குறிப்பேட்டில் ஏதேனும் எழுதிக்கொண்டேயிருப்பான். பத்து நாள் அவனைக் காணாதிருந்தபின் அவன் அன்னையார் எம்மைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். கூலிவேலை செய்பவர், இரண்டு மூன்று ஆடுகளும் வைத்திருக்கின்றார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார் என்பதைப் பிறர் சொல்லப் பின்னர் அறிந்தேம்.

“ஐயா, திருவண்ணாமலையில் இருக்கின்றானாம். ஒருமுறை கைப்பேசியிற் பேசினான். சாமியாராகப் போகின்றாயா என்று கேட்டேன், தெரியவில்லை என்கின்றான். நீங்கள் சொன்னாற் கேட்பான். உங்கள் பாடத்தைத்தான் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருப்பான்,” என்றார்.

இறுதியிற் கூறிய சொல் எம்மைத் தைத்தது. வெள்ளிக்கிழமை இரவே பேருந்தேறினேம்.

ஒன்றை ஒளியாது கூறல் வேண்டும். யாம் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தவரேம்; எம் பாட்டனார் சிற்றூர்களிற் கால்நடையாய்த் திரிந்த உபதேசியார். அருணைக்கு முன்னொருகாற் கல்வெட்டுக் காண மாணவரொடு சென்றதுண்டெனினும் ரமணாசிரமத்தினுள் அடிவைத்ததில்லை. ஆகவே நடுநிலையாளராக யாம் செல்லவில்லை, வழக்கறிஞராகவே சென்றேம். இரவெல்லாம் கண்ணுறங்காது வாதங்களைக் கோவைசெய்துகொண்டிருந்தேம். விடியற்காலையில் மலை புலப்பட்டபோது எம்மிடத்து ஏழெட்டு வாதங்கள் ஆயத்தமாயிருந்தன.

கோயிலிலிருந்து செங்கம் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ அரைக்காவதத்திற்குக் குறைந்த தொலைவில் ஆசிரமம் உளது. அவ்வழி முழுவதும், வாழ்க்கையின் பொருள் யாதென்பதற்கு மக்கள் கூறும் விடைகளெல்லாம் ஒருங்கே கடைவிரித்தாற் போல்வதொரு காட்சி. உருத்திராக்கம் விற்போன் ஒருபுறம். அயல்நாட்டார்க்கென ரொட்டி சுடும் கடை மறுபுறம். காவியுடுத்துத் திண்ணையில் உறங்குவோர் சிலர். முழுநிலாநாளில் மலையைச் சுற்றிய கால்வலி நீங்காமல் ஆட்டோவிற்கு விலைபேசுவோர் சிலர். மலையைச் சுற்றும் வழி 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை வெறுங்காலுடன் சுற்றுவோருட் பெரும்பாலோர் மெய்ப்பொருளை ஆராய வருபவரல்லர். மகட்கு மணம் கூட வேண்டும், மகற்கு வேலை கிட்ட வேண்டும், கடன் தீர வேண்டும் என்று வருபவர். கற்றோர் இவர்களை எள்ளுதல் வழக்கம். யாமும் எள்ளியதுண்டு. பிறர்க்காக 14 கிலோமீட்டர் நடப்பவனை, தன் ஐயத்திற்காக நாற்காலியில் அமர்ந்திருப்பவன் எள்ளுதல் அத்துணைப் பொருத்தமுடையதன்று என இப்பொழுது தோன்றுகின்றது.

இத்தலமோ பழமை தொட்டே இவ்வினாவொடு பிணைந்தது. வாழ்வை வெறுத்து வல்லாள மகாராசன் கோபுரத்தினின்று வீழ்ந்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் தாங்கிப் பாடப் பணித்தான் என்பது வழிவழிச் செய்தி. 217 அடி உயர்ந்த கீழைக்கோபுரத்தின் நிழலில் அமர்ந்து பூக்கட்டும் மூதாட்டியார்க்கும் அக்கதை தெரியும்.

ஆசிரமத்து வாயிலை யாம் அடைந்தபோது முற்பகல் ஆயிற்று. அந்நேரத்தில் அங்குச் சாதுக்களுக்கும் ஏழையர்க்கும் சோறு வழங்குவது வழக்கம். நீண்ட வரிசை நின்றது. அதன் இடையில், தூக்குச்சட்டி ஒன்றைக் கையிற்கொண்டு எம் மாணவன் நின்றான். எம்மைக் கண்டான், கண்டு நாணவில்லை, ஓடவுமில்லை. “சாப்பிட்டீர்களா, ஐயா?” என்று வினவினான். கோவைசெய்து வந்த வாதங்களுள் இதற்குரிய மறுமொழி ஒன்றேனும் இல்லை.

அவன் உண்டபின், ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறும் கற்பாதையில் இருவேமும் நடந்தேம். வழியெல்லாம் யாம் ரமணர் வரலாற்றைப் பேசி வந்தேம். அவனைப் பிடிப்பதற்கு அதுவே தூண்டில் என்பது எம் எண்ணம்.

ரமண மகரிஷி என உலகம் வழங்கும் வேங்கடராமன் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் திருச்சுழியிற் பிறந்தவர். இளமையிலே தந்தையாரை இழந்து மதுரையில் உறவினர் இல்லத்தில் வளர்ந்தார். பயின்றது ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும். ஆக, அவர் நம்மவர் பள்ளியின் மாணவர். இதனை நம் மலரைப் படிப்பவருட் பலர் அறியார். 1896-ஆம் ஆண்டின் இடையில், பதினாறாண்டு நிரம்பிய அவ்விளைஞரைக் காரணமின்றிச் சாவச்சம் பற்றியது. அவர் யாரையும் அழைத்திலர், மருத்துவரைத் தேடிற்றிலர். பிணம்போல் உடலை நீட்டிக் கிடந்து, சாவது எது, உடல் மாய்ந்தபின் ‘நான்’ என்பதும் மாயுமோ என்று தம்முள்ளேயே நாடினார். அந்நாட்டத்தின் முடிவில் அச்சம் அற்றது. படிப்பில் நாட்டமும் அற்றது.

சில கிழமைகளின் பின், பாடம் படியாமைக்குத் தண்டனையாகப் பெயின் என்பாருடைய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதியை மும்முறை எழுதிவருமாறு ஆசிரியர் விதித்தார். இருமுறை எழுதினார், மூன்றாவது எழுதப்பெறவில்லை. (தண்டனையெழுத்து விதிக்கும் வழக்கமுடைய எம்போன்றோர் இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் நன்று.) தமையனார் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்துச் செல்லச் சொன்னது ஐந்து ரூபாய். அதில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டினை ஒரு கடிதத்தொடு வைத்துவிட்டு, ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் புறப்பட்டார். தம்மைத் தேடற்க, அதற்கெனப் பொருள் செலவிடற்க என்பதும், கட்டணம் செலுத்தப்பெறவில்லை என்பதும் அக்கடிதத்தின் கருத்து. இலக்கணம் கற்பிப்போர் அதிற் காணத்தக்கது ஒன்றுண்டு: ‘நான்’ எனத் தொடங்கிய எழுவாய் இடையிலே ‘இது’ என்று மாறிவிடுகின்றது; முடிவிற் கையொப்பமும் இல்லை.

“நீ எதனையும் மீதி வைத்தாயா?” என்று கேட்டேம். தேர்வுக் கட்டணத்திற்கென அன்னையார் தந்த தொகையை அவனும் கொண்டு வந்திருந்தான்.

“இல்லை, ஐயா. பேருந்துக்கும் இட்டிலிக்கும் ஆயிற்று,” என்றான். அதில் எள்ளலுமில்லை, பெருமையுமில்லை.

கந்தாசிரமத்தில், தென்னை நிழலில், கீழே கோபுரங்கள் தோன்றுமிடத்தில் அமர்ந்தேம். ஏன் வந்தாய் என்று நேரே வினவினேம். அவன் நெடிதுநேரம் பேசாதிருந்து பின் கூறியது இது: “அப்பா பதினெட்டாண்டு கடன் அடைத்தார், ஐயா. தாத்தா வாங்கிய கடன் பாதி, அக்கா திருமணத்திற்கு வாங்கியது பாதி. வேறு எதற்கும் அவர் வாழவில்லை. கடன் தீர்ந்த மூன்றாம் திங்களில் இறந்துபோனார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அன்றிரவு நான்தான் அருகிலிருந்தேன். அவர் எதற்காக வாழ்ந்தார்? நீங்கள் வகுப்பில் இதையே கேட்டீர்கள். மணியடித்துவிட்டது.”

படிப்பவர்காள், மணியடித்துவிட்டது என்று அவன் கூறியபோது யாம் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேம்.

பின்னர், கொண்டுவந்த வாதங்களுள் வலியதென யாம் கருதியதை எடுத்தேம். வேங்கடராமன் மதுரையில் வாங்கிய புகைவண்டிச்சீட்டு திண்டிவனத்திற்கு. பழைய நிலப்படத்தைப் பார்த்து, அருணைக்கு அணித்தாய நிலையம் அதுவே என எண்ணினார். விழுப்புரத்திற் கிளைவழி உண்டென்று வண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவர் கூறவே, திண்டிவனம் செல்லாது இடையே இறங்கிவிட்டார். அவர் இறங்காது விட்ட அத்திண்டிவனத்திலே, அதற்குச் சில ஆண்டுகட்கு முன், வேறோரிடத்து வேறொரு வினா பிறந்திருந்தது.

ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையிற் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவ ஊழியர். இவர்க்கோ அத்தொண்டில் விருப்பமில்லை. அமெரிக்காவிற் படித்து அங்கேயே இனிது வாழ எண்ணியவர். அன்னையார் நோயுற்றமையால் 1890-ஆம் ஆண்டு திண்டிவனம் வந்தார். ஓரிரவு ஓர் அந்தண இளைஞர் வந்து, மனைவி மகப்பேற்றுத் துன்பத்திற் கிடக்கின்றாள், வந்து காத்தருளல் வேண்டும் என வேண்டினார். யான் மருத்துவம் அறியேன், என் தந்தையாரை அழைத்துச் செல்க என்றார் ஐடா. ஆடவர் காணலாகாது என்று அவர் திரும்பிப் போனார். அவ்விரவிலேயே இசுலாமியர் ஒருவரும், மற்றுமோர் இந்துவும் அதே வேண்டுகோளொடு வந்து, அதே விடை பெற்று, அவ்வாறே சென்றனர். மறுநாள் கேட்டபோது மூன்று பெண்டிரும் இறந்தனர்.

அவ்விரவு ஐடாவின் வாழ்வை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1899-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1900-ஆம் ஆண்டு வேலூரிற் பணி தொடங்கினார். 1902-ஆம் ஆண்டு அங்கே ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918-ஆம் ஆண்டு பெண்டிர்க்கான மருத்துவப்பள்ளி எழுந்தது. அதுவே வளர்ந்து இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் நிற்கின்றது. அம்மையார் 1960-ஆம் ஆண்டு கோடைக்கானலில் இறக்கும்வரை தொண்டிலேயே நின்றார். வேங்கடராமன் வண்டியேறிய 1896-இல் அவர் கடலுக்கப்பால் மருத்துவ மாணவியாயிருந்தார்.

“பார், தம்பி. இருவரையும் எழுப்பியது சாவே. ஒருவர் சாவது யார் என்று கேட்டார். ஒருவர் இச்சாவைத் தடுப்பது எங்ஙனம் என்று கேட்டார். முன்னது உனக்கு இப்பொழுது வேண்டுமோ? உன் அப்பா கிடந்த தாழ்வாரத்திற் கட்டிலும் மருந்தும் செவிலியும் இல்லாதிருந்தமைக்கு ஒரு வழி காண்பதன்றோ அவர் வாழ்வுக்கு நீ தரும் பொருள்?” என்றேம். இதனைக் கூறி முடித்தபோது வென்றுவிட்டேம் என்னும் எண்ணம் எமக்கு உண்டாயிற்று என்பதை மறையேம்.

அவன் சிந்தித்தான். “அந்த அம்மையார் கதவை மூவர் வந்து தட்டினர். என் கதவை யாரும் தட்டவில்லையே, ஐயா.”

“உன் தாயார் எம் கதவை வந்து தட்டினார்.”

இம்மறுமொழி எமக்கே இனித்தது. ஆயின் அவன் முகம் வாடிற்றேயன்றித் தெளியவில்லை. வாதத்தில் ஒருவனை மடக்குதல் வேறு, அவனுக்கு வழிகாட்டுதல் வேறு என்பதை முப்பதாண்டுக்கு முன்னரே எம் ஆசிரியர் ஒருவர் எமக்குச் சொன்னார். அன்று யாமும் மடங்கியே வீடு சென்றேம்.

அன்று மாலை பழைய மண்டபத்தில், ரமணர் பல்லாண்டு சாய்ந்திருந்த கட்டில் வைக்கப்பெற்ற இடத்தில், அயல்நாட்டார் பலரொடு ஒரு மணிநேரம் வாளாவிருந்தேம். இவ்விடத்திற்கு வந்து வழக்காடியோர் பலர். 1935-க்கும் 1939-க்கும் இடையே பதியப்பெற்ற உரையாடல்களுள், அமெரிக்க மெதடிஸ்டு ஊழியராகிய ஸ்டான்லி ஜோன்ஸ் அவர்கள் வந்ததும் காணப்படும். குறிக்கோள் யாது, எத்துணைத் தொலைவு எய்தினீர் என்று அவர் வினவ, குறிக்கோளை நீர் நாடுவது ஏன், உள்ள நிலையிற் குறை யாது என ரமணர் எதிர்வினா விடுத்தார். கடவுளரசு மண்ணில் நிலைபெறல் வேண்டும் என்பது ஜோன்ஸ் கொள்கை. அவ்வரசு உள்ளத்திலிருப்பதாக உங்கள் மறையே கூறவில்லையா என்பது ரமணர் மறுமொழி. இருவரும் ஒத்த முடிவிற்கு வந்திலர். உலகைத் திருத்த வேண்டும் என்பவர்க்கும், திருத்தப் புகுவோன் யார் என்பதை முதலிற் காண் என்பவர்க்கும் இடையே அத்துணை எளிதில் உடன்பாடு ஏற்படுவதில்லை.

அதனினும் எம்மைத் தொடுவது இரு பிரெஞ்சுத் துறவியர் செய்தி. 1949-ஆம் ஆண்டு சனவரியில் மோன்ஷானின் அடிகளும் ஆன்றி லெ சோ அடிகளும் ஒருங்கே இங்கு வந்து ரமணரைக் கண்டனர். அடுத்த ஆண்டு குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் இருவரும் சேர்ந்து சச்சிதானந்த ஆசிரமம் நிறுவினர். ஒரே மண்டபத்தில் ஒரே மனிதரைக் கண்ட இருவரும் ஒரே வழி செல்லவில்லை. லெ சோ, அபிஷிக்தானந்தர் எனப் பெயர்பூண்டு, பின்னாளிற் பலகால் இம்மலைக்குகைகளில் வந்து தங்கினார். மோன்ஷானினோ அத்துவிதத்தையும் திரித்துவக் கோட்பாட்டையும் இணைத்தல் கூடுமோ என்னும் ஐயம் நாளுக்குநாள் மிக, 1957-ஆம் ஆண்டில் இறந்தார். எவர் கண்டது சரி? எம் பாட்டனார் உயிரோடிருந்தால் ஐயமின்றி விடை கூறியிருப்பார். யாம் மோன்ஷானின் பக்கமே சாய்கின்றேம். ஆயினும் லெ சோ ஏறிய பாதையில் அன்று காலையில் எம் கால்களும் ஏறியிருந்தன.

இரவு ஆட்கள் பலர் தங்கும் சிறு விடுதியொன்றில் அவன் தங்குமிடத்திலேயே பாய்விரித்தேம். மறுநாள் விடியலில் அவனே பேச்சைத் தொடங்கினான்.

“ஐயா, ரமணர் வீட்டைத் துறந்தது தவறா?”

யாம் கூறினேம்: துறவுபூண விடைகேட்டு வந்தோர் பலரையும், மனைவி மக்களொடிருந்தே நாடலாம், துறக்கத்தக்கது வீடன்று, மனத்தின் பற்றே என அவர் திருப்பி அனுப்பியிருக்கின்றார். “நீ யாருடைய வாயிலில் நிற்கின்றாயோ அவரே உன்னை இருக்கச் சொல்லமாட்டார்.”

“ஆனால் அவர் திரும்பவில்லையே.”

அதனை அவரிடமே ஒருவர் கேட்டதுண்டு; அது தம் பிராரத்தம் என்று கூறிவிட்டார். அவ்விடை எமக்கு நிறைவளிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேம்.

“உங்கள் இயேசுநாதரும் தாயார் வெளியே வந்து நின்றபோது, என் தாய் யார் என்று கேட்டதாக விடுதிச் செபத்திற் படித்தார்களே, ஐயா.”

ஆம், கேட்டார். அவ்வசனத்தை எம் பாட்டனார் எத்துணைச் சிற்றூர்களில் விரித்துரைத்தாரோ! ஆயின் சிலுவையிற் கிடந்தபோது தாயை மாணவரொருவரிடம் ஒப்புவித்துச் சென்றதும் அம்மறையிலேயே உளது. அதனைக் கூறினேம். கூறும்போதே, வாதத்திற்கெனத் தேடிக்கொள்ளாத மற்றொரு செய்தி எம் நினைவில் எழுந்தது, அதனையும் கூறினேம். இரண்டு நாளும் யாம் பேசியவற்றுள் அவன் செவிதாழ்த்துக் கேட்டது அஃதொன்றே என நினைக்கின்றேம். ஆகவே சற்று விரித்து எழுதுகின்றேம்.

வேங்கடராமன் இங்கிருப்பதை அறிந்து அன்னையார் அழகம்மாள் 1898-ஆம் ஆண்டு மூத்த மகனை உடனழைத்துக்கொண்டு வந்தார். அப்போது மகன் பவழக்குன்றில் இருந்தார். சடைமுடியும் அழுக்குமாய்க் கிடந்த மகனைக் கண்டு நாடோறும் சென்று பலகாரம் படைத்து அழுதார். வீட்டிற்கு வா என்று மன்றாடினார். மகன் வாய்திறக்கவில்லை. அருகிருந்தோர் வேண்டவே ஒரு தாளில், ஊழின்படி நடப்பது நடந்தே தீரும், நடவாதது எம்முயற்சியாலும் நடவாது, ஆதலின் வாளாவிருத்தலே நன்று என்னும் கருத்துப்பட எழுதிக் கொடுத்தார். அந்தத் தாய்க்கு அத்தாள் எத்துணைக் கொடிதாயிருந்திருக்கும்! அவர் திரும்பிச் சென்றார். வாழ்வென்பது யாது என்பதில் அத்தாய்க்கும் மகற்கும் இருந்த வழக்கு அன்றோடு முடியவில்லை. மகன் வீட்டிலிருப்பதே வாழ்வு என்பது அவர் கட்சி. மூத்த மகன் இறந்தான். பின்னும் துயர் பல வந்தன. 1914-ஆம் ஆண்டு இங்கு வந்தபோது கடுங்காய்ச்சலிற் கிடந்தார். அப்போது, நடப்பது நடக்கும் என்று எழுதிக்கொடுத்த அம்மகனே, தாயின் காய்ச்சல் தணிய வேண்டுமென்று அருணாசலத்தை நோக்கிப் பாடல்கள் இயற்றினார். தமக்கென ஒன்றும் வேண்டாதவர் ஈண்டு வேண்டினார். தாயார் பிழைத்தார்.

1916-ஆம் ஆண்டு அவர் வந்தது திரும்பிப் போவதற்கன்று. யாம் முன்னாள் அமர்ந்திருந்த கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். அதுவரை கிடைத்த பிச்சையை உண்டிருந்த இடத்தில் சோறும் குழம்பும் ஆயின. மகனை வீட்டிற்கு அழைத்துச் செல்ல வந்தவர், மகன் இருக்குமிடத்தை வீடாக்கினார் என்று சொல்லலாம். 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அவர் உயிர் பிரியுந் தறுவாயிலிருந்தபோது, காலைமுதல் இரவுவரை மகன் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கையை அவர் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடியே இருந்தார். எட்டு மணியளவில் உயிர் அடங்கிற்று. மலையடிவாரத்தில் அன்னையைச் சமாதி வைத்த இடத்திற்கு மகன் நாடோறும் இறங்கி வந்தார். ஒருநாள் வந்தவர் மீண்டும் மேலேறவில்லை. இன்று உலகெங்குமிருந்து மக்கள் தேடிவரும் ஆசிரமம் அவ்விடத்தில் எழுந்ததே. 1950-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் தாம் மறையும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

“ஆகவே வழக்கில் யார் வென்றார் என்பதை யாம் அறியேம், தம்பி. இருவரும் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தனர் என்பதே எமக்குத் தெரிகின்றது. ஆனால் அதற்கு இருபதாண்டிற்கு மேல் ஆயிற்று. அழகம்மாளுக்கு வேறு மக்களும் இருந்தனர். உன் தாயார்க்கு நீ ஒருவனே மகன்; மணமான மகள் அயலூரில். இருபதாண்டு அவர் காத்திருப்பாரோ?”

அவன் ஒன்றும் கூறவில்லை. தன் தந்தையின் வாழ்வைப் பற்றி அவன் கேட்ட வினா அப்படியே இருந்தது. அதனைத் தொட்டு இறுதியில் ஒன்று கூற முயன்றேம்: பதினெட்டாண்டு கடனடைத்தவர் அக்கடனை மகன்மேல் ஏற்றாது சென்றார், அதனாலன்றோ நீ இன்று இம்மலையடியில் வினாவொடு அமர்ந்திருக்க முடிகின்றது? இது விடையாகுமா என்பதை இன்றும் துணியமாட்டேம். ‘எதற்காக வாழ்ந்தார்’ என்பதற்கு ‘உனக்காக’ என்று கூறுதல் மகனுக்கு ஆறுதலாகவும் இருக்கும். பொறுத்தற்கரிய சுமையாகவும் இருக்கும். அவன் முகத்தை யாம் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

நண்பகற் பேருந்திற்கு எம்மை ஏற்றிவிட அவன் நிலையம்வரை வந்தான். உடன்வருவான் என்னும் எண்ணம் எமக்குப் படியில் கால் வைக்கும்வரை இருந்தது. சன்னலருகே வந்து நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, “அம்மாவிடம் கொடுங்கள், ஐயா,” என்றான். வண்டி நகர்ந்தது.

அத்தாளை யாம் வழியிற் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்னும் அவா இல்லாமலுமில்லை. மறுநாள் அவ்வூருக்குச் சென்று அன்னையாரிடம் கொடுத்தபோது, “எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களே படியுங்கள்,” என்றார். வாயிலில் நின்றபடி படித்தேம். தீபம் பார்த்துவிட்டு வருவேன், தேர்வு எழுதுவேனா என்பதை இப்போது சொல்லமாட்டேன், சினையாட்டை விற்றுவிடாதே, கிழக்குப்பக்கத்துக் கூரையில் ஓடு இரண்டு விலகியிருக்கின்றது, மழைக்குமுன் மாமாவைக்கொண்டு சரிசெய், அப்பாவின் கைக்கடிகாரம் என்னிடம் உள்ளது, தேடாதே. இவ்வளவே. தொடக்கமுதல் இறுதிவரை தன்மை ஒருமை வினைமுற்றே வந்தது. ‘இது’ என ஓரிடத்தும் மாறவில்லை. கீழே பெயரும் எழுதியிருந்தான்.

அன்னையார் முதலில் ஓட்டை நிமிர்ந்து பார்த்தார். பின், “தீபம் என்றைக்கு, ஐயா?” என்று கேட்டார். நாட்காட்டி பார்த்துக் கூறினேம். விரல்விட்டு எண்ணினார். “ஆட்டை வியாபாரி நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றான். தேர்வுக் கட்டணத்திற்கு வேண்டுமே என்று பேசிவைத்தேன்,” என்றார்.

வியாபாரியை வரவேண்டா எனச் சொல்லியனுப்புமாறு கூறினேம். கட்டணத்தை மறுநாள் அலுவலகத்தில் யாமே செலுத்தினேம். குறித்த நாள் கடந்துவிட்டமையால் அபராதமும் சேர்ந்தது. எழுத்தர், மாணவன் எங்கே என்று கேட்டார். வெளியூர் சென்றிருக்கின்றான் என்றேம். சீட்டு எம் மேசை அறையில் உளது. இம்மலர் அச்சிற்குச் செல்லும் இந்நாளில் தீபத்திற்குப் பன்னிரண்டு நாள் இருக்கின்றது. தேர்வு தொடங்குவது அதற்கு நான்காம் நாள்.